பாய் சுருளும், டியூப் இழுபடும்: தொடு உணரியாகவும் லென்ஸாகவும் ஆகிற மென்பாலிமர்கள்

போன மாசி மாதம் அத்தைக்குக் கும்பகோணத்தில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஏண்டா தம்பி, கண்ணுக்குள்ள மடிக்கிற லென்ஸ் வெச்சிருக்குன்னாங்க. பக்கத்து வீட்டுப் பையன் ஃபோனும் மடியுது. ரெண்டும் ஒரே சாமானா?"

நல்ல கேள்வி. வளையும் திரை, எலக்ட்ரானிக் தோல், ஃபோகஸ் தானாக மாறும் லென்ஸ் என்று செய்தியில் வருகிற எல்லாவற்றையும் "ஏதோ புது பிளாஸ்டிக்" என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். படித்தவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அதனால் அடியிலிருந்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். மென்மையான பொருளைத் தொட்டால் அதன் வடிவம் மாறும். அந்த மாற்றத்தை மின்சாரத்தால் அளந்தால் அது தொடு உணரி. அதே மாற்றத்தின் வழியாக வெளிச்சத்தை அனுப்பினால் அது லென்ஸ்.

பாய் ஒரு ரகம், டியூப் ஒரு ரகம்

வீட்டில் இருக்கும் கோரைப்பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்து வைக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் ஒரு விரற்கடைகூட நீளாது, பலமாக இழுத்தால் கிழியும். சைக்கிள் டியூபை எடுத்துக்கொள்ளுங்கள், கேரியரில் உர மூட்டையைக் கட்டும்போது இழுத்து இழுத்துச் சுற்றுகிறோம், அவிழ்த்தால் பழைய நீளத்துக்கே வந்துவிடுகிறது.

மடியும் ஃபோன் பாய் ரகம். அதன் திரையில் இருக்கும் பிளாஸ்டிக் படலமோ மெல்லிய கண்ணாடியோ உண்மையில் கெட்டியான பொருள்தான். மெல்லிசாக இருப்பதால் மட்டும் வளைகிறது. மூங்கில் கழியை வளைக்க முடியாது, அதையே பிளாச்சாகப் பிளந்தால் கூடை முடையலாம் இல்லையா, அதே கணக்கு. ஒரு தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் அதை வளைப்பது எட்டு மடங்கு எளிதாகும். மடியும் ஃபோனில் போடுகிற கண்ணாடி 30 மைக்ரான் அளவுக்கு மெல்லியது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது நம் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி.

அத்தை கண்ணில் இருப்பது டியூப் ரகத்துக்குப் பக்கத்தில் வருவது. பொருளே மென்மை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ரகத்தைப் பற்றித்தான்.

இடியாப்பமும் மீன்வலையும்

பாலிமர் என்பது ஒரே மாதிரியான சின்ன மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு நிற்கும் நீளமான சங்கிலி. பூக்காரம்மா மல்லியை ஒவ்வொன்றாக வைத்துத் தொடுப்பதை நினைத்துக்கொண்டால் போதும். பிளாஸ்டிக் குடம், நைலான் கயிறு, ரப்பர், பருத்தி நூல், அரிசியில் இருக்கும் மாவுச்சத்து எல்லாமே இப்படிச் சங்கிலிகள்தான். அதனால் "பாலிமர்" என்றவுடன் குப்பையில் கிடக்கும் கேரி பேக் மட்டும் ஞாபகத்துக்கு வர வேண்டியதில்லை. 1920-இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இவை நீண்ட சங்கிலிகள் என்று சொன்னபோது அந்தத் துறையில் பெரிய ஆட்களே ஒத்துக்கொள்ளவில்லை. 1953-இல் அதற்காகவே நோபல் கிடைத்தது.

இப்போது ஒரு தட்டு இடியாப்பத்தை நினையுங்கள். இழைகள் பின்னிக் கிடக்கின்றன, ஆனால் இழுத்தால் வழுக்கிப் பிரிந்து வந்துவிடும், திரும்பப் போய் ஒட்டாது. மரத்திலிருந்து வடித்த ரப்பர் பால் காய்ந்தால் இந்த நிலைமைதான், வெயிலில் பிசுபிசுக்கும். அந்த இழைகளை அங்கங்கே ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுவிட்டால்? இடியாப்பம் வலையாகிவிடும். வலையை இழுத்தால் கண்கள் விரியும், இழை பிரியாது. 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிச் செய்தது இந்த முடிச்சைத்தான். முடிச்சுக்குப் பெயர் குறுக்குப் பிணைப்பு. முடிச்சு குறைவாக இருந்தால் கொழகொழ, நிறைய இருந்தால் கெட்டி.

சரி, இழுத்த வலை ஏன் திரும்பி வருகிறது? சங்கிலிகள் ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கும், அவற்றுக்குச் சுருண்டு கிடப்பதுதான் இயல்பு, ஏனென்றால் சுருண்டு கிடக்க ஆயிரம் விதம் உண்டு, நேராக நிற்க ஒரே விதம்தான். நாம் இழுத்து நேராக்குகிறோம், விட்டவுடன் அவை நெளிந்து நெளிந்து பழையபடி சுருண்டுகொள்கின்றன. இதை உதட்டால் உணரலாம். அகலமான ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து மேலுதட்டில் வையுங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். இழுத்தபடியே கொஞ்சம் ஆறவிட்டு, சட்டென்று தளர்த்தி மறுபடியும் வையுங்கள், சில்லென்று இருக்கும். இரும்புச் சுருளில் இப்படி எதுவும் உணர முடியாது.

ஆராய்ச்சிக்கூடங்களில் அதிகம் புழங்குவது சிலிக்கோன் ரப்பர். இதன் சங்கிலியின் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வருவது, கொள்ளிடத்து மணலில் இருக்கும் அதே இரண்டு தனிமங்கள். பால் மாதிரி ஒரு திரவம், உறைமோர் மாதிரி இன்னொரு திரவம், பெரும்பாலும் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து வைத்தால் கண்ணாடிபோலத் தெளிவான, தொட்டால் அமுங்குகிற பாளமாக உறையும். கண்ணாடியைவிடப் பல பத்தாயிரம் மடங்கு எளிதாக இழுபடும்.

இதுவரை சொன்னது: மெல்லிசாக இருப்பதால் வளைவது வேறு, பொருளே மென்மையாக இருப்பதால் இழுபடுவது வேறு. அந்த மென்மைக்குக் காரணம், முடிச்சுப் போட்ட நீளச் சங்கிலிகளின் வலை.

உங்கள் ஃபோன் அழுத்தத்தை உணர்வதே இல்லை

தொடு உணரி பற்றிப் பேசும்போது வருகிற பெரிய குழப்பம் இதுதான். ஃபோன் சரியாக வேலை செய்யாவிட்டால் எல்லோரும் இன்னும் அழுத்திக் குத்துகிறோம், ஆனால் சாதாரண ஃபோன் திரைக்கு நீங்கள் தடவுகிறீர்களா குத்துகிறீர்களா என்பது தெரியாது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் பொருள், அது பக்கத்தில் வருகிறதா என்பதை மட்டும்தான் அது பார்க்கிறது. காய்ந்த குச்சியால் எவ்வளவு அழுத்தினாலும் வேலை செய்யாது. ஒரு வாழைப்பழத்தைக் கையில் பிடித்து அதன் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், நகரும். நடவு நேரத்தில் ஈரக்கையோடு ஃபோனை எடுத்தால் திரை தாறுமாறாக ஓடுவதும் இதனால்தான், தண்ணீரையும் அது விரலாக எண்ணிக்கொள்கிறது.

இதற்கு அடிப்படை கெப்பாசிட்டர் என்ற ஒரு எளிய அமைப்பு. எதிரெதிரே இரண்டு மின்கடத்தித் தகடுகள், நடுவில் மின்சாரம் கடத்தாத ஒரு பொருள், அவ்வளவுதான். அது எவ்வளவு மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது மூன்று விஷயத்தைப் பொறுத்தது: தகட்டின் பரப்பு, தகடுகளுக்கு இடையே உள்ள தூரம், நடுவில் இருக்கும் பொருள். தூரம் குறைந்தால் பிடிப்பு கூடும்.

நம் ஊர் விவசாயிகள் எல்லோருக்கும் இது பழக்கமான சாமான்தான், பெயர் மட்டும் தெரியாது. கொள்முதல் நிலையத்தில் நெல்லை ஒரு கிண்ணத்தில் கொட்டி ஈரப்பதம் பார்க்கிறார்களே, 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மனசு திக்கென்று ஆகுமே, அந்த மீட்டர்களில் ஒரு வகை இந்த முறையில்தான் வேலை செய்கிறது. தகடுகளுக்கு நடுவே நெல். காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீர் இந்தப் பிடிப்பைச் சுமார் 80 மடங்கு கூட்டும், காய்ந்த தானியம் ஒருசில மடங்குதான் கூட்டும். அதனால் நெல்லில் ஈரம் ஏற ஏற மீட்டரில் எண் ஏறும்.

இட்லி மாதிரி அமுங்க வேண்டும்

நெல் மீட்டரில் நடுவில் இருக்கும் பொருளின் ஈரம் மாறியது. மென்மையான தொடு உணரியில் மாறுவது தூரம். இரண்டு தகடுகளுக்கு நடுவே சிலிக்கோனை வைத்தால், விரல் அழுத்தும்போது அது மெலியும், தகடுகள் நெருங்கும், எண் ஏறும். லேசாகத் தொட்டால் கொஞ்சம், அழுத்திப் பிடித்தால் நிறைய. ஃபோனால் முடியாத வேலை இது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடமும் இதுதான். ரப்பரை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் பிதுங்கும், மொத்தக் கன அளவு குறையாது. கொழுக்கட்டை மாவு உருண்டையை உள்ளங்கையில் அமுக்குவது போல. இரண்டு தகடுகளுக்கு இடையே முழுப் பாளமாக அடைத்துவிட்டால் பிதுங்கிப் போகவும் இடமில்லை, அதனால் அமுங்காது. லேசான தொடுதல் தெரியாமலே போய்விடும். அதோடு, அமுக்கி விட்டபிறகு பழைய உயரத்துக்கு வர அது நேரமும் எடுத்துக்கொள்ளும்.

வழி என்ன? மாவு உருண்டையை இட்லியாக்க வேண்டும், உள்ளே காற்றுக்கு இடம் விட வேண்டும். 2010-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெனான் பாவோவின் குழு சிலிக்கோன் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிப் பிரமிடுகளை வரிசையாக வார்த்தது. பிரமிடின் நுனி கூர்மை என்பதால் லேசாகத் தொட்டாலே நுனி நசுங்கும், பிதுங்குகிற ரப்பருக்குப் பக்கத்தில் காற்றுவெளி இருக்கிறது, விட்டவுடன் சட்டென்று எழும். அதன் மேல் 20 மில்லிகிராம் எடையுள்ள ஒரு ஈ வந்து உட்கார்ந்ததையும் அந்த உணரி கண்டுகொண்டது. அந்த அழுத்தம் வெறும் 3 பாஸ்கல். பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு. ஒரு ரூபாய் நாணயத்தை மேசையில் படுக்க வைத்தால் அது கொடுக்கும் அழுத்தமே 100 பாஸ்கல் அளவுக்கு வரும், அதை வைத்து 3 எவ்வளவு லேசு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக: சாதாரண ஃபோன் திரை விரல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். மென்பாலிமர் உணரி எவ்வளவு அமுங்கியது என்று பார்க்கும். அமுங்குவதற்கு உள்ளே காலியிடம் வேண்டும்.

கடற்பாசிக்குள் ஓடும் மின்சாரம்

நடுவில் இருப்பது ரப்பர், சரி. தகடுகள்? தாமிரத் தகட்டை ரப்பரோடு சேர்த்து இழுத்தால் தாமிரம் விண்டுவிடும். ரப்பரில் கரித்தூளைக் கலந்து கடத்தியாக்கலாம். ஆனால் கறுத்துப் போகும், வெளிச்சம் ஊடுருவாது. ஊடுருவவும் வேண்டும், இழுபடவும் வேண்டும் என்றால் வேறு பொருள் தேட வேண்டும்.

ரமலான் மாதத்தில் நாகூர், கூத்தாநல்லூர்ப் பக்கம் நோன்பு திறக்கும் நேரத்தில் தட்டில் கடற்பாசி இருக்கும், பாலூற்றியோ ரோஸ் எசன்ஸ் விட்டோ துண்டு போட்டு வைத்திருப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கடற்பாசி போட்டுக் காய்ச்சினால் போதும், உறைந்துவிடும். அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர்! ஒரே ஒரு பங்கு பாலிமர் வலை அவ்வளவு தண்ணீரையும் ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. இப்படித் தண்ணீரைத் தாங்கி நிற்கும் பாலிமர் வலைக்கு ஹைட்ரோஜெல் என்று பெயர். தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தும், உள்ளே இருப்பது தண்ணீர் என்பதால் வெளிச்சத்தையும் விடும்.

2016-இல் தென் கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமர் வலையில் லித்தியம் குளோரைடு உப்புக் கரைசலை நிறைத்து ஒரு தொடுபலகை செய்தார்கள். பரப்பு பத்து மடங்குக்கு மேல் ஆகும்வரை இழுத்தும் அது வேலை செய்தது. கையில் ஒட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் விளையாடிக் காட்டினார்கள்.

விரல் எங்கே தொட்டது என்று அந்த ஜெல் துண்டுக்கு எப்படித் தெரியும்? நாலு மூலையிலும் மடை உள்ள ஒரு வயலை நினையுங்கள். நாலு மடையிலும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கிறது. வயலுக்குள் எங்கோ ஓரிடத்தில் ஒருவர் என்ஜின் வைத்து இறைக்கிறார். அவரைப் பார்க்க வேண்டியதே இல்லை, எந்த மடையில் தண்ணீர் வேகமாக உள்ளே போகிறது என்று நாலையும் ஒப்பிட்டால் இறைக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். ஜெல்லின் நாலு மூலையிலும் ஒரே மின்னழுத்தம் கொடுத்திருப்பார்கள். தொடுகிற விரல்தான் என்ஜின்.

ஹைட்ரோஜெல் என்பதே இப்போது வந்த சரக்கு என்று நினைக்க வேண்டாம். செக்கோஸ்லோவாக்கியாவில் ஓட்டோ விக்டர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிள்ளைகள் விளையாடும் இணைப்புப் பொம்மைச் சாமான்களையும் ஒரு சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே ஓர் இயந்திரம் பண்ணி, சுற்றும் அச்சில் ஜெல்லை வார்த்து மென்மையான கான்டாக்ட் லென்ஸ் எடுத்தார். இன்று கோடிக்கணக்கானவர்கள் கண்ணில் போட்டுக்கொள்கிறார்கள்.

இனி வெளிச்சத்தின் கதை

வாழை இலையில் தண்ணீர் தெளித்தவுடன் ஒரு துளியைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். துளிக்கு அடியில் இருக்கும் இலை வரிகள் மட்டும் பருத்துத் தெரியும். துளி குண்டாக இருந்தால் அதிகம் பருக்கும், விரலால் தொட்டுப் பரத்திவிட்டால் பருமன் போய்விடும். லென்ஸ் என்பது இதுதான், வளைந்த பரப்பு வெளிச்சத்தின் பாதையைத் திருப்புகிறது, வளைவு மாறினால் திருப்பமும் மாறும்.

கண்ணாடி லென்ஸின் வளைவு மாறாது. அதனால் கேமராவில் ஃபோகஸ் செய்ய லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள். நம் கண் அப்படிச் செய்வதில்லை, உள்ளே இருக்கும் லென்ஸைச் சுற்றியுள்ள தசை அதைக் குண்டாக்குகிறது அல்லது தட்டையாக்குகிறது. நாற்பது வயதுக்கு மேல் அந்த லென்ஸ் கெட்டிப்பட்டுவிடும், வெள்ளெழுத்து வருவது அதனால்.

அத்தையின் கேள்விக்கு இங்கே பதில் வருகிறது. கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைப்பதை 1949-இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி தொடங்கினார். போர் விமானங்களின் முகப்பு உடைந்து விமானிகளின் கண்ணில் தைத்த பிளாஸ்டிக் துணுக்குகள் கண்ணை உறுத்தாமல் அப்படியே கிடந்ததைப் பார்த்து, அதே பிளாஸ்டிக்கில் செய்தார். அது கெட்டி, உள்ளே வைக்கப் பெரிதாக வெட்ட வேண்டும். பிறகு வந்தது மென்மையான பாலிமர் லென்ஸ், சுருட்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளை வழியாகச் செலுத்தினால் உள்ளே போய்த் தானே விரிந்துகொள்ளும். தையல்கூடத் தேவைப்படுவதில்லை. ஆனால் விரிந்தபிறகு அது வடிவம் மாறுவதில்லை. மடிவது உள்ளே போவதற்கு மட்டும். அதனால்தான் வழக்கமாக வைக்கிற லென்ஸ் வைத்தபிறகு தூரத்துக் கோபுரம் பளிச்சென்று தெரிகிறது, பேப்பர் படிக்க மட்டும் கண்ணாடி வேண்டியிருக்கிறது.

வடிவம் மாறிக்கொண்டே இருக்கிற லென்ஸ் வேண்டுமென்றால்? ஒரு வளையத்தின் மேல் தெளிவான சிலிக்கோன் படலத்தை மிருதங்கத்துக்குத் தோல் இழுத்துக் கட்டுவது போலக் கட்டி, உள்ளே திரவத்தை நிரப்பினால் போதும். திரவத்தை உள்ளே தள்ளினால் படலம் புடைக்கும், கிட்டத்துப் பொருள் தெளியும். வெளியே எடுத்தால் தட்டையாகும், தூரம் தெளியும்.

அழுத்த விரல் வேண்டாம், மின்சாரமே அழுத்தும்

கெப்பாசிட்டருக்குத் திரும்பி வருவோம். அழுத்தினால் எண் ஏறுகிறது என்று பார்த்தோம். அதைத் தலைகீழாக ஓட்டலாம். இரண்டு பக்கமும் எதிரெதிர் மின்னூட்டம் ஏற்றினால் தகடுகள் ஒன்றையொன்று ஈர்க்கும், நடுவில் மாட்டிய ரப்பர் நசுங்கிப் பக்கவாட்டில் விரியும். அதே பிதுங்கல்தான், உணரியில் நமக்குத் தொல்லை கொடுத்த அந்தக் குணம் இங்கே வேலைக்கு உதவுகிறது. அந்த ரப்பரே லென்ஸின் படலமாக இருந்தால், மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து ஃபோகஸை மாற்றலாம்.

எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்கன் 1880-இலேயே ஒரு ரப்பர் பட்டைக்கு மின்னூட்டம் ஏற்றி அது நீளுவதைப் பார்த்திருக்கிறார். 2000-இல் அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவன ஆராய்ச்சியாளர்கள் முன்கூட்டியே இழுத்துக் கட்டிய ரப்பர் படலத்தை மின்சாரத்தால் இரண்டு மடங்குக்கும் மேல் விரியச் செய்து காட்டிய பிறகுதான் இந்தத் துறை சூடு பிடித்தது.

சாயம் இல்லாத நிறம்

மழைக்காலத்தில் பம்புசெட் பக்கம் தேங்கிய தண்ணீரில் டீசல் சொட்டினால் வானவில் மாதிரி நிறங்கள் நெளியும். டீசலில் அந்தச் சாயம் எதுவும் கிடையாது. படலத்தின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேரும்போது, சில நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிவிடும், சில நிறங்கள் அடங்கிப்போகும். எந்த நிறம் தூக்கும் என்பது படலத்தின் தடிமனைப் பொறுத்தது. வயலில் விதையைக் கொத்தித் தீர்க்கிற மயிலின் பீலியிலும் இப்படித்தான், நுண்ணிய துகள்கள் ஒழுங்கான இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன, இடைவெளிதான் பச்சையையும் நீலத்தையும் தீர்மானிக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி. வி. ராமனுக்கும் இந்த ரக நிறங்கள் மேல் தீராத ஆசை, சிப்பிகளின் மினுமினுப்பைப் பற்றி ஆய்வுக்கட்டுரைகளே எழுதியிருக்கிறார்.

பச்சோந்தி ஒரு படி மேலே போகிறது. அதன் தோல் செல்களில் அடுக்கியிருக்கும் நுண்படிகங்களின் இடைவெளியை அது மாற்றிக்கொள்கிறது, இடைவெளி கூடினால் பச்சை மஞ்சளை நோக்கிப் போகும். ஜெனீவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை 2015-இல் வெளியிட்டார்கள். அதுவரை சாயத்தைப் பரப்பிச் சுருக்கித்தான் நிறம் மாறுகிறது என்று பெரும்பாலும் நம்பினோம்.

மென்பாலிமரிலும் இப்படிப் படலங்களை அடுக்கலாம். இழுத்தால் மெலியும், இடைவெளி குறையும், சிவப்பு பச்சையாகி நீலமாகும். விட்டால் திரும்பிவரும். விரலால் அழுத்தினால் அழுத்திய இடம் மட்டும் நிறம் மாறும், பேட்டரி வேண்டாம், ஒயர் வேண்டாம். தொடு உணரி எது, லென்ஸ் சமாசாரம் எது என்று இங்கே பிரிக்கவே முடியாது.

இன்னும் படியாத விஷயங்கள்

இதெல்லாம் நாளைக்கே கடைக்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஹைட்ரோஜெல் காய்ந்துபோகும், கடற்பாசித் துண்டை அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு மத்தியானம் வைத்தால் தாள் மாதிரி ஆகிவிடும். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் லித்தியம் குளோரைடு மாதிரி உப்பைச் சேர்ப்பதும் மேலே படலம் ஒட்டுவதும் இதற்காகத்தான். மின்சாரத்தால் நசுங்கும் ரப்பருக்குப் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும், மின்னோட்டம் மிகக் குறைவு என்றாலும் உடம்பை ஒட்டிய சாதனத்தில் அதை வைப்பது லேசான காரியம் இல்லை. லட்சம் தடவை இழுத்தால் ரப்பருக்கும் அலுப்பு வரும், அளவு தப்பும். குறுக்குப் பிணைப்புப் போட்ட சிலிக்கோனை உருக்கி மறுபடியும் வார்க்கவும் முடியாது, அந்தக் கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

இவ்வளவையும் அத்தையிடம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால் ராத்திரி கடற்பாசியைக் காய்ச்சி, கொஞ்சம் உப்புப் போட்டு, குழிக்கரண்டியில் ஊற்றி ஆறவிட்டேன். உறைந்ததும் குமிழ் மாதிரி வந்தது. அதைக் கையில் பிடித்து ஃபோன் திரையில் தேய்த்தேன், விரல் போலவே நகர்ந்தது. அப்புறம் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் அதை வைத்து, பஞ்சாங்கத்துக்குக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்து அத்தையைப் பார்க்கச் சொன்னேன். மங்கலாகத்தான், ஆனால் பொடி எழுத்து பருத்துத் தெரிந்தது. அத்தை விரல் நுனியால் குமிழின் ஓரத்தை அமுக்கினார், எழுத்து இளைத்தது. விட்டார், பருத்தது. மறுபடியும் அமுக்கினார்.

"இதையே கண்ணுக்குள்ள வெச்சிருக்கலாமே" என்றார்.